நடுப் பெடல்

போட்டி தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே காத்திருப்பு அறை நிறைந்துவிட்டது. சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் பிள்ளைகளைவிடத் தாய்மாரே மிகுதி. பிள்ளைகள் மடியையே பியானோவாக்கி விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நாற்காலியில் இருந்தவள் மட்டும் தன் மகளின் விரல்களைப் பார்க்கவில்லை. அவள் வாயிற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி ஆலையில் இரவு வேலை பார்க்கும் அவளுடைய கணவர், வேலை முடிந்ததும் நேரே இங்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வராமல் போய்விடுவாரோ என்பதன்று அவள் கவலை, வந்துவிடுவாரோ என்பதே.

அவள் துணிக்கடை ஒன்றின் பின்னறையில் ஆயத்த ஆடைகளை அளவு குறைத்துத் தைத்துத் தருபவள். மகள் அணிந்திருந்த கறுப்புப் பாவாடைகூட, யாரோ வேண்டாமென்று விட்டுச்சென்ற ஒன்றைப் பிரித்துத் தைத்ததுதான். அதன் கரைமடிப்பை முந்தைய மாலைதான் முடித்தாள். கண்கள் எரிந்தன. சற்றே சாய்ந்தால் உறங்கிவிடுவோம் என்று அஞ்சி, நாற்காலியின் நுனியில் நிமிர்ந்தே இருந்தாள். உறக்கம் என்பது அவர்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே உரியது. அந்த ஒருவர் அவள் அல்லள்.

அந்த வீட்டில் இரண்டே அறைகள். உள்ளறையில் தந்தை பகலெல்லாம் உறங்குவார். வெளியறையில் பியானோ நின்றது. மூடப்படவிருந்த ஒரு பள்ளியில் கேட்பாரற்றுக் கிடந்த அதை, பியானோ டீச்சர்தான் பேசி இவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. ஆனால் அது மழைக்காலத்தில் சாத்தாது, வெயில்காலத்தில் சாத்தினாலும் நிற்காது. மகள் பள்ளியிலிருந்து திரும்பும் பொழுதே தந்தையின் ஆழ்ந்த உறக்கத்துக்கு உரிய பொழுது. அவர் எழுந்து, உண்டு, வேலைக்குப் புறப்பட்டுப் போனபின், கீழ்வீட்டுக் கைக்குழந்தையை உறங்கவைக்கும் நேரம் வந்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு கீற்று நேரம்தான் எஞ்சும்.

ஆகவே பியானோவின் நடுப் பெடல் அந்த வீட்டில் எப்போதும் அழுந்தியே இருந்தது. அதை மிதித்து ஓரமாகத் தள்ளினால், உள்ளே சுத்தியல்களுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஒரு கம்பளித் துண்டு இறங்கும். அதன்பிறகு எவ்வளவு ஓங்கி அடித்தாலும், அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதைப் போலத்தான் கேட்கும். தந்தை வேலைக்குப் போய் வெளிக்கதவு சாத்தப்படும் ஓசை எழுந்ததும், மகள் இடக்காலால் அந்தப் பெடலை விடுவிப்பாள். கம்பளி மேலேறும். அந்தக் கீற்று நேரத்துக்கு மட்டும் வீட்டில் உண்மையான பியானோ இருக்கும்.

கம்பளியும் போதாது என்று தாய் இன்னொரு விதியையும் வைத்திருந்தாள். மாவுத்தூசியால் தந்தைக்கு நெடுநாளாக இருமல். உறக்கத்தில் அவர் இருமினால், விழிப்பின் விளிம்புக்கு வந்துவிட்டார் என்று பொருள். அப்போது வீடு அசையாமல் இருந்தால், மீண்டும் அமிழ்ந்துவிடுவார். எனவே இருமல் கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளறை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் தாய் விரலை உயர்த்திக் காட்டுவாள். பிறகு அந்த விரலும் தேவைப்படவில்லை. வீட்டில் ஓசையின்றி நடந்து ஓசையின்றி நின்ற அந்தப் பெண்ணுக்குத் தந்தை ‘பூனை’ என்று பெயர் வைத்தார். அவருக்கு அது செல்லப்பெயர். தாய்க்கோ, அதைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ குற்றம் சாட்டப்பட்டதுபோல் இருக்கும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒருவருக்கு உறக்கம் வேண்டும், ஒருத்திக்கு ஓசை வேண்டும். இரண்டுக்கும் நடுவே காவல் நிற்பவளுக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது.

இந்தப் போட்டியில் முதல் மூன்று இடங்களைப் பெறுகிறவர்களுக்கு இசைப்பள்ளியில் சேர இடம் கிடைக்கும். அடுத்த ஆண்டு மகளுக்கு வயது கடந்துவிடும். சேர்க்கை பற்றித் தெரிந்துவர ஒருமுறை தாய் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தாள். அங்கே வரிசையாகப் பயிற்சி அறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கனத்த கதவு. ஓர் அறையில் ஒரு மாணவன் பியானோவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். காவலாளி கதவைச் சாத்தினார், ஓசை வெட்டுண்டது. தாய் அந்தக் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தபடி சிறிது நேரம் நின்றாள். அன்று முதல் அவள் கேட்டதெல்லாம் அந்தக் கதவைத்தான். மகள் பேரும் புகழும் பெற வேண்டும் என்றெல்லாம் அவள் ஒருபோதும் வேண்டிக்கொண்டதில்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த முத்துமாலைக்காரி, தன் மகனின் தலைமுடியை மூன்றாம் முறையாகச் சீவிவிட்டு, பேச்சுத் துணைக்கு இவள் பக்கம் திரும்பினாள். அவர்கள் வீட்டில் சன்னலைத் திறந்துவைத்துத்தான் வாசிக்க வேண்டும் என்பது அவள் கணவரின் கட்டளையாம். பையன் தொடங்கினால் தெருவே நின்று கேட்குமாம். தபால்காரர்கூடக் கடிதங்களை மாற்றிப் போட்டுவிடுகிறாராம்.

“உங்க வீட்டுல எப்படி? அக்கம்பக்கத்துல கேக்குமா?” என்று விசாரித்தாள்.

“எங்க வீட்டுல வாசிச்சா எங்க வீட்டுக்கே கேக்காது.”

முத்துமாலைக்காரி அதைச் சிறந்த நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, மாலை குலுங்கச் சிரித்தாள். பூனையும் தலை குனிந்தபடி சிரித்தாள். தாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அப்போதுதான் கதவு திறந்து தந்தை உள்ளே வந்தார்.

ஆலையிலேயே முகம் கழுவியிருந்தார். ஆனால் காதுமடிப்புகளில் மாவு அப்படியே இருந்தது. சட்டைப் பித்தான்களை ஒன்று தள்ளி மாட்டியிருந்ததால், ஒரு தோள் உயர்ந்தும் ஒரு தோள் தாழ்ந்தும் தெரிந்தன. அவரோடு சூடான ரொட்டியின் மணமும் வந்தது. காலையில் எதுவும் உண்ணாத பிள்ளைகள் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். தாய் எழுந்து, அவரைச் சுவரோரம் நிறுத்திப் பித்தான்களைக் கழற்றித் திரும்ப மாட்டினாள்.

“வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம்ல?”

“படுத்தா எழுந்திருக்க மாட்டேன். ஒரு தடவையாவது முழுசாக் கேக்கணும்.”

“இருமல் எப்படி இருக்கு?”

“அதை ஆலையிலயே விட்டுட்டு வந்துட்டேன். சாயங்காலம் போய் எடுத்துக்கணும்.”

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். தாளில் சுற்றிய இருமல் மிட்டாய்கள் அங்கே சலசலத்தன. போதாததற்கு, நனைத்துப் பிழிந்த கைக்குட்டை ஒன்றையும் வைத்திருந்தார். போருக்குப் போகிறவர்கூட இவ்வளவு ஆயத்தம் செய்திருக்க மாட்டார். பிறகு மகளின் முன்னால் குனிந்து, பயமாயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். “எனக்கு இருக்கு, பூனை” என்றார் அவர்.

டீச்சர் வந்தார். மெலிந்தவர், வெயிலிலும் மழையிலும் குடையைக் கைவிடாதவர். நேற்றுவரை சொன்னவற்றில் ஒன்றைத் தவிர எதையும் அவர் திருப்பிச் சொல்லவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நாடி பார்ப்பதுபோல. “தப்பா வாசிக்கலாம். மறந்துபோனா இட்டுக்கட்டி வாசிக்கலாம். நிக்க மட்டும் கூடாது” என்றார். பூனை தலையசைத்தாள். அவளுக்கு வாழ்க்கையில் இரண்டே விதிகள் இருந்தன. வீட்டுக்கான ஒன்றைத் தாய் வைத்தாள், மேடைக்கான மற்றொன்றை டீச்சர் வைத்தார். இரண்டையும் அவள் ஒருநாளும் மீறியதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும் என்று மூவரில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தாய் மட்டும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அரைகுறையாக எண்ணினாள். ஆனால் வந்தவரைத் திருப்பியனுப்ப எந்தத் தாய்க்கு வாய் வரும்?

அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது. நடுவர்கள் மேடையைப் பார்ப்பதில்லை. அரங்கின் நடுவே கறுப்புத் திரை கட்டி, அதற்குப் பின்னால் அவர்களை அமர்த்தியிருந்தார்கள். வாசிப்பவர் ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல், காதால் மட்டுமே மதிப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. மேடையேறுகிறவர் பேசக் கூடாது. எண் மட்டுமே அறிவிக்கப்படும். எவரும் நடுவர்களிடம் எதையும் விளக்கவும் கூடாது. நல்ல வழக்கம்தான். அநீதி நுழையும் வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டிருந்தார்கள். அவ்வாறு அடைக்கும்போது வேறு சிலவும் வெளியே நின்றுவிடும் என்பது எந்த விதியிலும் எழுதப்பட்டிருப்பதில்லை.

முத்துமாலைக்காரியின் மகன் முதலில் வாசித்தான். தெரு நின்று கேட்பதில் பொய்யில்லை. அரங்கே நின்று கேட்டது. அடுத்தது பூனையின் எண்.

அவள் நடந்து வந்த ஓசை எவருக்கும் கேட்கவில்லை. இருக்கையின் உயரத்தைத் திருகிச் சரிசெய்தாள். கால்களை வைத்தாள். அவள் எடுத்திருந்த இசைப்படைப்பு மெல்லத் தொடங்கி, நடுவில் ஒரே அடியாக எழும்பி, பிறகு தொடங்கிய இடத்துக்கே களைத்துத் திரும்புவது. முதல் சுரங்கள் எழுந்தபோது தாய் தன்னையறியாமல் முன்னே சாய்ந்தாள். அவள் மட்டுமன்று, முன்வரிசை முழுவதுமே சாய்ந்தது. அவ்வளவு மெல்லியதாக இருந்தும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே காதில் வந்து இறங்கிற்று. கம்பளிக்கு அடியில் ஆண்டுக்கணக்காக வாசித்தவளின் விரல்களுக்கு, எத்தனை வகை மென்மை உண்டு என்பது தெரிந்திருந்தது. இதைத்தான் இத்தனை நாள் வெளியறையில் வாசித்தாளா என்று தாய் வியந்தாள். அவள் அங்கேயேதான் இருந்தாள். ஆனால் காதெல்லாம் உள்ளறையில் அல்லவா இருந்தது.

பக்கத்தில் தந்தை கண்ணை மூடியிருந்தார். உறங்கிவிட்டார் என்று எண்ணி, குறட்டை விட்டுவிடுவாரோ என்ற அச்சத்தில் அவரைத் தொடப்போனவள், அவருடைய கழுத்து நரம்பைப் பார்த்தாள். அது புடைத்து நின்றது. வலக்கை இருமல் மிட்டாயை இறுகப் பற்றியிருந்தது. தாளைப் பிரித்தால் சலசலக்கும் என்பதால் பிரிக்கவில்லை. இடக்கை ஈரக் கைக்குட்டையை வாயில் அழுத்தியிருந்தது. முகம் செங்கல் நிறமாகியிருந்தது. தாய் அவர் முழங்கையைப் பிடித்தாள். பிடித்து என்ன செய்வது?

மேடையில் மென்மையான பகுதி முடியும் தறுவாய்க்கு வந்தது. இனி எழும்ப வேண்டியதுதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல, தந்தை இருமினார். ஒரே ஒரு இருமல். அதுவும் கைக்குட்டைக்குள் பாதி அடங்கிப்போன இருமல். அரங்கில் அதற்கு முன்பும் பலர் இருமியிருந்தார்கள். எவரும் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பூனை கைகளை எடுத்துவிட்டாள்.

மறந்துபோனவர்கள் திகைப்பார்கள், தடவுவார்கள், உதட்டைக் கடிப்பார்கள். அவள் எதுவும் செய்யவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றே இடப்புறம் சாய்த்து, காத்திருந்தாள். வீட்டில் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள். பின்வரிசையில் முத்துமாலைக்காரி ‘ச்சு’ என்றாள். பக்கச் சுவரோரம் நின்ற டீச்சரின் குடை தரையில் ஒருமுறை தட்டுப்பட்டது. திரைக்குப் பின்னாலிருந்து, தொடரலாம் என்று ஒரு நடுவரின் குரல் வந்தது. பூனை அசையவில்லை. தொடரலாம் என்று சொல்ல வேண்டியவர் அவரல்லர். உள்ளறை அடங்க வேண்டும், அப்போதுதான் தொடரலாம். உள்ளறையோ அடங்கவில்லை. இரண்டாம் இருமலை விழுங்க முயன்ற தந்தையின் மூச்சு, ஓட்டைத் துருத்தியைப்போல் சீறிக்கொண்டிருந்தது.

தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிட்டால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயர் வெளிப்பட்டுவிடும், பிள்ளையை விலக்கிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது தந்தை எழுந்தார். வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். நடைவழியில் அவருடைய ஆலைச் செருப்பு தடதடவென்று ஒலித்தது. ஆண்டுக்கணக்காக, விடியலில் வீடு திரும்பும்போதெல்லாம் தாழ்ப்பாளை விரலால் பிடித்து, பூட்டு நாக்குகூட ஒலிக்காமல் கதவைச் சாத்தக் கற்ற மனிதர், அரங்கத்தின் கனத்த கதவை இழுத்து, அப்படியே விட்டுவிட்டார். கதவு சுவர் அதிரச் சாத்திக்கொண்டது. யாரது என்று திரைக்குப் பின்னிருந்து ஒரு குரல் சினந்தது.

மேடையில் பூனையின் இடக்கால் நகர்ந்தது. நடுப் பெடலை ஓரமாகத் தள்ளி விடுவித்தது. அந்தப் பெரிய பியானோவில் விடுவிக்க ஒன்றுமில்லை, கம்பளியும் இல்லை, ஆனாலும் கால் தன் வேலையைச் செய்து முடித்தது. பிறகு அவள், நிறுத்திய இடத்தில் அன்றி, அடுத்த பகுதியின் தொடக்கத்தில் கைகளை இறக்கினாள்.

அதைத் தாய் பின்னாளில் நினைவுகூர முயன்றபோதெல்லாம், ஓசை நினைவுக்கு வரவில்லை. தன் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்ததுதான் நினைவுக்கு வந்தது. தினமும் ஒரு கீற்று நேரம் மட்டுமே வாய்த்தவள், அந்தக் கீற்றுகளையெல்லாம் சேர்த்துவைத்திருந்ததுபோல் வாசித்தாள். முடித்ததும் எழுந்து வணங்கி, ஓசையின்றி உள்ளே போய்விட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். தாய் தட்டவில்லை. கைகளை உயர்த்த முடியாத அளவுக்கு அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வெளித்தாழ்வாரத்தில், கதவோரத்துப் பலகையில் தந்தை உட்கார்ந்திருந்தார். தலை கதவின்மேல் சாய்ந்திருந்தது. இருமல் மிட்டாய் கடைசியாக வாய்க்குள் போயிருந்தது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“கதவு ரொம்ப கனம். ஒண்ணுமே சரியாக் கேக்கல. நம்ம வீட்டுக் கதவே தேவலை.”

தாய் அவர் பக்கத்தில் அமர்ந்தாள். உறங்குகிற மனிதருக்கு வீட்டுக் கதவு வழியாக என்ன கேட்டுவிடப்போகிறது என்று, சினத்தைக்கூட முழுமையாகக் காட்டத் தெம்பில்லாமல் கேட்டாள்.

“நான் எங்க தூங்கினேன்?” என்றார் அவர்.

தாய் திரும்பிப் பார்த்தாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மகள் வந்து பியானோவின் மூடியைத் திறக்கும்போதே விழிப்பு வந்துவிடும் என்றார். கம்பளி இருப்பதால் பாதி கேட்கும், பாதி கேட்காது. கேட்காத பாதி என்னவாக இருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடப்பாராம். இருமல் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வாராம். இருமினால் அவள் நிறுத்திவிடுவாளே. சில நாள் முடியாமல் இருமிவிடுவார். பிறகு அவள் தொடங்கும்வரை மூச்சைக்கூட அளந்து விடுவார், உறங்கிவிட்டதாக அவள் நம்ப வேண்டும் என்பதற்காக.

இத்தனை ஆண்டுகளாக நுனிக்காலில் நடந்த நடை, பாத்திரங்களுக்கு அடியில் துணி விரித்து வைத்தது, தும்மலைக்கூட வாசலுக்குப் போய்த் தும்மியது எல்லாம் தாயின் முன்னால் வந்து வரிசையாக நின்றன. காவல் காத்த களஞ்சியத்தில் நெல்லே இருந்ததில்லை.

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா அந்த நேரத்துல அவளை வாசிக்கவே விட்டிருக்க மாட்டே.”

அது உண்மை. இருவரும் கனத்த கதவுக்கு வெளியே, அடுத்த பிள்ளைகள் வாசிப்பது சிறிதும் கேட்காமல், நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

பிற்பகலில் மூன்று எண்களை அறிவித்தார்கள். அவற்றில் பூனையின் எண் இல்லை. முத்துமாலைக்காரியின் மகனுக்கு இரண்டாம் இடம். அவள் பூனையின் தாயிடம் வந்து, உங்க பொண்ணு மட்டும் நிக்காம இருந்திருந்தா, என்று தொடங்கினாள்; முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதே அன்று முழுவதும் அவள் செய்த மிகப் பெரிய மரியாதை. கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

ஏற்பாட்டாளர் அருகிலேயே நின்றார். நடந்ததை அவரிடம் சொல்லலாம். பிள்ளை மறக்கவில்லை, வளர்த்த விதம் அப்படி என்று சொல்லலாம். விதியில் அதற்கு இடமிருக்காது என்பது தாய்க்குத் தெரியும். அதைவிட, பக்கத்தில் நின்ற கணவரின் காதுபட எப்படிச் சொல்வது? அவள் ஏற்பாட்டாளரைத் தாண்டிப் போகவிட்டாள்.

டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து மாணவியின் முன்னால் நின்றார்.

“ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்.”

பூனை தரையைப் பார்த்தாள்.

“மறந்துட்டியா?”

தந்தை ஓரடி முன்னே வந்தார். வாயைத் திறந்தார். அவருக்கு முன்பாகவே மகள் சொல்லிவிட்டாள்.

“ஆமா டீச்சர். மறந்துட்டேன்.”

டீச்சர் அவளைப் பார்த்தார். தந்தையின் காதுமடிப்பிலிருந்த மாவைப் பார்த்தார். அவர் கையில் கசங்கிய ஈரக் கைக்குட்டையைப் பார்த்தார். “மறந்தவ அப்படி உக்கார மாட்டா” என்றார். வழக்கமான நாளில் வழக்கமான நேரத்துக்கு வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டு, வெயிலே இல்லாத வாசலில் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பேருந்தில் மூவருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. தந்தை சன்னலோரம், தாய் நடுவில், மகள் ஓரத்தில். பழைய வண்டி, கண்ணாடிகள் கடகடத்தன, பின்னால் யாரோ கைபேசியில் கத்தினார்கள், ஓட்டுநர் தேவையில்லாத இடங்களிலும் ஒலிப்பானை அழுத்தினார். வண்டி முதல் திருப்பத்தைத் தாண்டும் முன்பே தந்தையின் தலை தாயின் தோளில் விழுந்தது. வாய் பிளந்து, கல்லைப்போல் உறங்கினார். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டபோதும் அவர் விழிக்கவில்லை.

பூனை அவரை எட்டிப் பார்த்தாள். “அம்மா, இவரு சத்தத்துலதான் நல்லா தூங்கறாரு” என்றாள்.

தாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தோள் அசைய வேண்டுமே என்று அடக்கிக்கொண்டாள். இரவெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கிற மனிதர். அவருக்காக ஒரு வீட்டையே ஊமையாக்கி வைத்திருந்தாள். மகளின் விரல்கள் மடியில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தன. தந்தை உறக்கத்தில் இருமினார். விரல்கள் நின்றன. அடங்கியதும் மீண்டும் ஓடின. தாய் இரண்டையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பயிற்சி அறை போய்விட்டது, இனி அந்தக் கதவு இல்லை என்பது, ஓர் எண்ணமாக அன்றி ஒரு சுமையாக, இறங்கும் நிறுத்தம்வரை அவள் மடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தந்தை சட்டையைக்கூடக் கழற்றாமல் உள்ளறையில் படுத்தார். மகள் பியானோவின் முன் உட்கார்ந்தாள்; உட்கார வேறு இடம் அந்த அறையில் குறைவு. தாய், எண்ணிப் பார்க்காமலேயே, அருகில் போய் நடுப் பெடலை மிதிக்கக் காலை நீட்டினாள்.

“அதை விடு” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “கம்பளி இல்லாம வாசிக்கட்டும்.”

“கீழ்வீட்டுக்காரி வந்து நிப்பா.”

“வந்தா உக்கார வை.”

தாய் காலை இழுத்துக்கொண்டாள். மகள் அவள் முகத்தைப் பார்த்தாள்; தாய் சுவரோர நாற்காலிக்குப் போனாள். மேடையில் நிறுத்திய அதே இடத்திலிருந்து பூனை தொடங்கினாள். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி மெல்ல அதிர்ந்தது. சற்று நேரத்தில் உள்ளே இருமல் எழுந்தது. கைகள் தாமாக உயர்ந்தன.

“உம், மேல போ” என்றது உள்ளறை.

அவள் போனாள். மறுபடி இருமல், மறுபடி கைகள் நின்றன. ஆனால் இம்முறை மடிக்குப் போகவில்லை, கட்டைகளின்மேலேயே தயங்கி நின்றன. உள்ளிருந்து எவரும் எதுவும் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள். ஒரு நாளில் தீருகிற பழக்கமன்று அது. எத்தனை நாளாகும் என்று கணக்கிடத் தாய்க்குத் தெம்பில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். எழுந்து அடுப்பில் ஏதாவது வைக்க வேண்டும், பாவாடையை வாங்கி மடிக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரிக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். பியானோ எழும்பும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளறையில் மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது, இருமலுக்கு முன்னால் வருகிற அந்த மூச்சு. அதன்பின் அவர் இருமினாரா, கைகள் நின்றனவா என்பது அவளுக்குத் தெரியாது. அவள் உறங்கிவிட்டாள்.